துதிக்கை ‘லை’

பழைய அச்சில் ‘மலை’ என்ற வார்த்தையைப் பார்த்தால் லகரத்தின் தலைமாட்டில் ஒரு துதிக்கை வளைந்து நிற்கும். ‘யானை’யிலும் அது உண்டு, அங்கே பொருத்தமாகக்கூட இருக்கும். 1978இல் தமிழக அரசு உத்தரவு போட்டு 13 எழுத்துகளின் உருவத்தை மாற்றியபோது துதிக்கை போயிற்று. ணை, லை, ளை, னை நாலும் மற்ற ஐகாரங்களைப் போல ஆயின. ணா, றா, னா மூன்றும், அவற்றின் ஒகர ஓகாரங்கள் ஆறும் சுழியைக் கைவிட்டுக் கால் வாங்கிக்கொண்டன. பெரியார் 1935லேயே தம் பத்திரிகையில் செய்து காட்டியதுதான். நான் இந்தச் சீர்திருத்தத்துக்கு விரோதி அல்ல. ஆனால் கடந்த இரண்டு வருஷமாக அந்த 13 எழுத்துகளோடு மல்லாடிக்கொண்டிருக்கிறேன். ஒரு இயந்திரத்துக்கு அவற்றைப் படிக்கத் தெரியவில்லை என்பது காரணம்.

கள்ளக்குறிச்சியில் 1975இலிருந்து 1978 வரை நாங்கள் நாலு பேர் ஒரு பத்திரிகை நடத்தினோம். பெயர் வேண்டாம். ஞாபகம் உள்ளவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்குப் பெயர் சொல்லியும் பிரயோஜனமில்லை. ஊர் அப்போது தென்னார்க்காட்டு ஜில்லா. பக்கத்துச் சேலத்திலிருந்து ‘நடை’ வந்து நின்று போயிருந்தது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும் என்ற அசட்டுத் தைரியம். மொத்தம் ஒன்பது இதழ். இதழுக்கு 300 பிரதி. அதில் பாதி என் கட்டிலுக்கு அடியில் கிடந்து, பிறகு கரையானுக்குப் போயிற்று. கடைசியில் ஒரே ஒரு முழுத் தொகுப்பு மிஞ்சியது. ஆறாவது இதழ் அதிலும் நைந்த நிலையில், 1977 என்ற வருஷம் மட்டும் அட்டையில் தெளிவாக.

எல்லாப் பக்கங்களையும் எழுத்தாக்கிக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசை வந்தது. படமாக எடுத்து வைத்தால் போதாதா என்றால் போதாது. படத்தில் ஒரு வார்த்தையைத் தேட முடியாது. உட்கார்ந்து தட்டச்சு செய்திருந்தால் இரண்டே மாதத்தில் முடிந்திருக்கும் என்று வீட்டில் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். நியாயம்தான். ஆனால் ஒரு காரியத்தைச் சுலபமான வழியில் செய்து பழக்கமிருந்தால் நாங்கள் பத்திரிகையே நடத்தியிருக்க மாட்டோம்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் பையன் ஒருவன். வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து இறங்கி வந்தவன். கல்லூரியில் கணினி படித்தான். விழுப்புரத்தில் க்னூ/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது, அங்கே போய் மிச்சத்தைக் கற்றுக்கொண்டான். ஓய்வூதியச் சான்றிதழுக்காகப் போன இடத்தில் பேச்சு வளர்ந்து, என் பழைய மடிக்கணினியில் உபுண்டு போட்டுக் கொடுத்தான். அச்சு எழுத்தைப் படிக்க ‘டெசராக்ட்’ என்று ஒரு நிரல் இருப்பதையும் அவன்தான் சொன்னான். ஹியூலெட்-பாக்கார்ட் ஆய்வுக்கூடத்தில் 1985க்கும் 1994க்கும் இடையில் எழுதப்பட்டு, கிடப்பில் கிடந்து, 2005இல் மூலநிரலோடு பொதுவில் விடப்பட்டது. 2006 முதல் கூகுள் அதை வளர்த்தது. 2018இல் வந்த நாலாம் பதிப்பிலிருந்து நரம்பு வலை முறையில் வரி வரியாகப் படிக்கிறது. தமிழும் படிக்கும்.

படித்தது. புதிய புத்தகம் ஒன்றைக் காட்டினோம், கிட்டத்தட்டப் பிழையில்லை. பிறகு எங்கள் ஆறாம் இதழின் ஒரு பக்கத்தைக் கொடுத்தோம். அந்தப் பக்கத்தில் பதினெட்டு இடத்தில் ‘மலை’ வருகிறது. ஒரு இடத்தில்கூட அதற்கு மலை தெரியவில்லை. ‘மல’ என்றது, ‘மஸ’ என்றது, சில இடத்தில் வார்த்தையையே விழுங்கிவிட்டது. கல்வராயன் மலையைப் பற்றிய கட்டுரை அது. மலையில்லாமல் அதைப் படித்துப் பார்த்தபோது விநோதமாக இருந்தது.

“இதுக்குப் பழைய எழுத்தைக் கத்துக் குடுக்க முடியாதா தம்பி?” என்றேன்.

“குடுக்கலாம் சார். ஆனா இந்த மாடலுக்கு முடியாது. இது ஃபாஸ்ட் மாடல். படிக்க மட்டும்தான் படிக்கும், மேல கத்துக்காது.”

விஷயம் இப்படி. உபுண்டு தயாராகக் கொடுக்கும் பாக்கேஜில் வருகிற தமிழ் மாதிரி வேகத்துக்காக எண்களைச் சுருக்கி இறுக்கிக் கட்டியது. உபயோகிக்கலாம், அதற்கு மேல் எதுவும் கற்பிக்க முடியாது. கற்பிக்க வேண்டுமானால் ‘பெஸ்ட்’ என்று பெயரிட்டிருக்கும், சுருக்கப்படாத, மந்தமான மாதிரியை எடுத்துக்கொள்ள வேண்டும். என் கணினியிலிருந்த உபுண்டு 22.04 தந்த டெசராக்டோ 4.1.1, எங்களுக்கு வேண்டியது 2021 கடைசியில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு. அதற்கு நாங்கள் எடுத்த வழி, மூலநிரலை இறக்கி நாமே கட்டிக்கொள்வது.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. படிக்கும், ஆனால் கற்றுக்கொள்ளாது. நான் 34 வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன்.

நம் வட்டத்தில் இதை அறியாதவர்கள் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்கிறேன். நாம் கணினியில் ஓட்டும் எந்த நிரலும் முதலில் ஒரு மனிதன் படிக்கும்படி எழுதியதுதான். வரிகள், பெயர்கள், குறிப்புகள், சில சமயம் ஒரு கிண்டல்கூட. அதைக் கம்பைலர் என்னும் இன்னொரு நிரல் இயந்திரத்துக்கு மட்டும் புரியும் எண்களாக ஆக்குகிறது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது உருவம். ஓடும், ஆனால் படிக்க முடியாது. முதல் உருவம் கிடைத்தால் திருத்தலாம், நம் இயந்திரத்துக்குத் தக்கபடி அமைத்துக்கொள்ளலாம். இரண்டாவதிலிருந்து முதலாவதற்குப் பின்னோக்கிப் போவது கிட்டத்தட்ட ஆகாத காரியம். எழுதியவன் வைத்த பெயர்களும் குறிப்புகளும் அங்கேயே உதிர்ந்துபோயிருக்கும்.

மூலத்திலிருந்து கட்டுவதற்கு மூன்று படி. கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். சொல்லும்போது மூன்று வார்த்தை; எங்களுக்கு ஆனது மூன்று வாரம்.

முதலாவது, நம் இயந்திரத்தைக் கேள்வி கேட்பது. 1991இல் டேவிட் மெக்கன்ஸி தொடங்கிய ஆட்டோகான்ஃப் என்ற கருவி இந்தக் கேள்விப் பட்டியலைத் தயாரிக்கிறது. கருந்திரையில் வரி வரியாக ஓடும். சி கம்பைலர் இருக்கிறதா, இருக்கிறது. அது வேலை செய்கிறதா, செய்கிறது. இன்ன நூலகம் இருக்கிறதா, இல்லை. எல்லாம் ஒரே குரல். எந்த ‘இல்லை’ ஆபத்தானது, எது பரவாயில்லை என்று சொல்லாது; சொல்லாமலே நின்றால் ஆபத்தானது என்று புரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு லெப்டோனிகா என்ற பட நூலகம் இல்லையென்று நின்றது. அதையும் மூலத்திலிருந்து கட்டினோம். கட்டியதும் டெசராக்டும் சமர்த்தாகக் கட்டப்பட்டது. ஆனால் எங்கள் பக்கப் படங்களைத் திறக்க மாட்டேன் என்றது. லெப்டோனிகாவைக் கட்டும்போது பிஎன்ஜி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறது, இல்லை என்று பதில் வந்திருக்கிறது, சரியென்று அந்தக் கண் இல்லாமலே தன்னைக் கட்டிக்கொண்டுவிட்டது. ஓடிப்போன 200 வரிகளுக்கு நடுவில் அந்த ஒரு ‘இல்லை’யை நாங்கள் பார்க்கவில்லை. மறுபடி முதலிலிருந்து.

புரூப் பார்த்தவனுக்கு இது புதிதில்லை. தப்பு எப்போதும் நாம் நிதானமாகப் படித்த பக்கத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது படியான ‘மேக்’, 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. எதை முதலில் கட்ட வேண்டும், எது மாறியதால் எதை மறுபடி கட்ட வேண்டும் என்று அதற்குத் தெரியும். அதன் விதிக்கோப்பில் ஒவ்வொரு கட்டளை வரியும் டாப் என்ற கண்ணுக்குத் தெரியாத இடைவெளியால் தொடங்க வேண்டும். வெறும் இடைவெளிகளை வைத்தால் ஏற்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இது பிசகு என்று ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டதாம். ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் உபயோகிக்கத் தொடங்கியிருந்தார்கள், பெரும்பாலும் சிநேகிதர்கள், அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டார். அரை நூற்றாண்டாக உலகம் முழுவதும் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்காக டாப் அடித்துக்கொண்டிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வாசகர்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

மூன்றாவது படி, கட்டியதை அதன் இடத்தில் வைப்பது. வைத்தோம். ஓட்டினால் பழைய 4.1.1 தான் ஓடியது. கணினியில் இப்போது இரண்டு டெசராக்ட், உபுண்டு கொடுத்தது ஒரு இடத்தில், நாங்கள் கட்டியது வேறு இடத்தில். பழையதை நீக்கினோம். உடனே புதியது, என் நூலகத்தைக் காணோம் என்றது. அது அங்கேதான் இருந்தது. இருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரிவிக்க எல்டிகான்ஃபிக் என்று தனியாக ஒரு கட்டளை. பயிற்சிக்கான கருவிகளுக்குத் தனியாக இன்னொரு மேக், அதற்குத் தனியாக மூன்று நூலகங்கள். கடை அடைத்த பிறகு ராத்திரி ஒன்பது மணிக்குப் பையன் வருவான். ஒரு நாள் பாதியில் கரண்ட் போயிற்று. என் மடிக்கணினியின் பாட்டரி செத்து நாலு வருஷம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து மேக் தொடர்ந்தது. கட்டி முடித்ததை அது மறுபடி தொடவில்லை. இயந்திரத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

இவ்வளவு பாடுபட்டது எதற்கு, மூலத்தை நாமே கட்டினால் அதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும் என்பதற்கா என்று பையனைக் கேட்டேன். தெரியாது என்றான். அந்தப் பதிலுக்குப் பின்னால் இரண்டு கதை இருக்கிறது.

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ஸன், டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய பேருரை 1984இல் பிரசுரமாயிற்று. கம்பைலருக்குள்ளேயே ஒரு தந்திரத்தைப் புகுத்தலாம் என்று அதில் காட்டினார். உள்நுழைவு நிரலைக் கட்டும்போது அது ஒரு திருட்டுக் கதவையும் சேர்த்துக் கட்டும். கம்பைலரையே மறுபடி கட்டும்போது அந்தத் தந்திரத்தையும் தானே சேர்த்துக்கொள்ளும். அதன் பிறகு மூலநிரலிலிருந்து தந்திரத்தை அழித்துவிடலாம். எந்த மூலத்தை எத்தனை முறை படித்தாலும் சுத்தமாக இருக்கும். கதவு மட்டும் திறந்திருக்கும்.

இன்னொரு கதை 2024 மார்ச் மாதம் நடந்தது. எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் சாதாரணக் கருவி. லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் இருக்கும். ஒரு புனைபெயர்க்காரர் இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, அதைப் பராமரிக்கும் இடத்துக்கு வந்தார். 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில் விஷத்தைக் கலந்தார். கலந்த இடம்தான் கவனிக்க வேண்டியது. விஷம் சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் மறைந்திருந்தது. அதை எழுப்பும் வரிகள் எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய மூட்டையில், கான்ஃபிகர் படியைச் சேர்ந்த ஒரு கோப்பில் மட்டும் இருந்தன. எழுதியதற்கும் ஓடுவதற்கும் நடுவில், கட்டும் நேரத்தில், அது உள்ளே புகுந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தூரக் கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆகிறதே என்று துருவப்போய் மார்ச் 29 அன்று அம்பலப்படுத்தினார். அரை விநாடி.

இதைப் பையன் சொல்லி முடித்தபோது எனக்கு ஆறாவது இதழ் ஞாபகம் வந்தது. ஏன் என்று உடனே தெரியவில்லை.

கற்பிக்கும் வேலை ஆரம்பித்தோம். பக்கத்தை வரி வரியாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு வரியின் படத்துக்கும் துணையாக, அந்த வரியில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்த ஒரு சின்னக் கோப்பு. இப்படிச் சில நூறு ஜோடி சேர்த்து இரவெல்லாம் ஓட விட்டால், இயந்திரம் தன் வாசிப்பையும் நம் தட்டச்சையும் ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். யூனிகோடில் துதிக்கை லைக்கும் புது லைக்கும் பேதமில்லை, இரண்டுக்கும் லகரமும் ஐகாரக் குறியும்தான். எந்த உருவம் என்பது எழுத்துருவின் பாடு. ஆகவே நான் புது ‘மலை’யை அடிக்க, அது பழைய ‘மலை’யைப் பார்க்க, நடுவில் எங்கோ இரண்டும் ஒன்று என்று அதற்குப் பிடிபட வேண்டும். நாலாவது இரவு பிடிபட்டது. பதினெட்டில் பதினாறு மலை வந்தது. வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன். யாரும் சந்தோஷப்படவில்லை.

அந்தக் கட்டுரையை எழுதியவன் எங்கள் நாலு பேரில் ஒருவன். மலை மேல் தொடக்கப்பள்ளி ஆசிரியன். சனிக்கிழமை கச்சிராயபாளையம் வரை நடந்தும் லாரி ஏறியும் வருவான், ஞாயிறு ராத்திரி திரும்புவான். 1976 என்பது அந்த மலையில் சாதாரண வருஷம் இல்லை. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்த மலையை அந்த வருஷம்தான் அரசு தன் நிர்வாகத்துக்குள் எடுத்துக்கொண்டது. எமர்ஜென்சி காலம். மலையாளிகள் நிலத்தை எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எதை வைத்து இது இன்னாருடையது என்கிறார்கள் என்பதைப் பற்றி 14 பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். பள்ளிக்கூட நோட்டுத் தாளில் பென்சில் எழுத்து.

ஏர் பூட்டி உழும் நிலம் உழவுக்காடு. சரிவில், ஏர் போக முடியாத இடத்தில், கையால் கொத்திச் சாமையும் தினையும் விதைப்பது கொத்துக்காடு. நிலத்துக்குப் பேர் அதில் உடம்பு என்ன செய்கிறது என்பதிலிருந்து வருகிறது என்பதுதான் அவனுடைய கட்டுரையின் சாரம். நான் இப்போது இரண்டு வாக்கியத்தில் சொல்வதை அவன் 14 பக்கத்தில் சொல்லாமல் சொல்லியிருந்தான்.

புரூப் பார்த்தது நான். எனக்கு வயது 23. ‘எழுத்து’ பழைய இதழ்களை வைத்துக்கொண்டு உரைநடை இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற தீர்மானங்களோடு இருந்தேன். வட்டார வழக்கு கதைக்குச் சரி, கட்டுரைக்கு ஆகாது என்பது அவற்றில் ஒன்று. எங்கிருந்து அது வந்தது என்று இன்று யோசித்தாலும் தெரியவில்லை. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கொத்துக்காடு வந்த இடமெல்லாம் ‘புன்செய்’ என்று திருத்தினேன். உழவுக்காட்டுக்கும் அதே புன்செய் சில இடத்தில், ‘சாகுபடி நிலம்’ சில இடத்தில். அவனைக் கேட்கவில்லை. அவன் மலையில் இருந்தான், பிரஸ்ஸில் ஃபாரம் காத்திருந்தது, டிரெடில்காரருக்குக் கல்யாணப் பத்திரிகை வேலை வேறு நெருக்கியது.

புன்செய் என்பது ரெவின்யூ வார்த்தை. அந்த வருஷம்தான் அந்த வார்த்தை மலை ஏறிக்கொண்டிருந்தது. கட்டுரையில் அதை ஏற்றிவிட்டது நான்.

இதழைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லா வந்திருக்கு” என்றான். அதற்குப் பிறகு மூன்று இதழ் வந்தது. எதற்கும் அவன் எழுதவில்லை. பள்ளியில் வேலை அதிகம் என்று சொன்னான், நான் நம்பினேன். 1998இல் இறந்துபோனான். கையெழுத்துப் பிரதி பிரஸ்ஸிலேயே மை துடைக்கப் போயிற்று. கோத்த எழுத்துகள் அச்சு முடிந்ததும் பிரித்துப் பெட்டியில் போடப்பட்டன. மிச்சம் இருப்பது நான் கட்டி வெளியிட்ட மூட்டை மட்டும்.

பையனிடம் இதையெல்லாம் நான் சொல்லியிருக்கவில்லை. பயிற்சிக்கு வரி வெட்டும்போது முழுக் கட்டுரையையும் படித்திருக்கிறான். ஒரு நாள் சொன்னான்:

“சார், எங்க மலையப் பத்தி நல்லாதான் எழுதியிருக்காரு. ஆனா மேல ஆள் யாரும் இப்டி சொல்ல மாட்டாங்க. தாசில்தார் ஆபீஸ்ல இருந்து எழுதின மாதிரி இருக்கு.”

பதில் சொல்லாமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அன்றைக்குத்தான் 11ஆம் பக்கத்தில் அது அகப்பட்டது. இயந்திரம் ‘சொத்துக் காடு’ என்று இரண்டு வார்த்தையாகப் படித்திருந்தது. பக்கத்தைத் திறந்து பார்த்தால், மைக் கறைக்கு அடியில் ‘கொத்துக்காடு’. நான் விட்டுவிட்ட ஒரு இடம். நான் விட்டேனா, கம்பாசிட்டர் விட்டாரா தெரியாது. அவர் கச்சிராயபாளையத்துக்காரர், மலையடிவாரம். என் திருத்தத்தைப் பார்த்துவிட்டு, இது சரியாகத்தானே இருக்கிறது என்று கையை நிறுத்தியிருக்கலாம். அவரும் இப்போது இல்லை.

இயந்திரத்துக்குள் ஒரு வார்த்தைப் பட்டியல் இருக்கிறது. எழுத்து மங்கலாக இருந்தால் பட்டியலில் உள்ள வார்த்தையின் பக்கம் சாயும்படி அமைத்திருக்கிறார்கள். கொத்து என்பதைவிடச் சொத்து அதற்குப் பழக்கமானது போலிருக்கிறது. ககரத்துக்கும் சகரத்துக்கும் இடையே கறை வேறு. பட்டியலை உபயோகிக்காதே என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்து ஓட்டினான். ‘கொத்துக்காடு’ வந்தது. மற்ற பக்கங்களில் பிழை கொஞ்சம் கூடியது.

போன தை மாதம் அவனுடைய ஊருக்குப் போனேன். கோமுகி அணையைத் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. அவன் நடந்து இறங்கிய பாதை எது என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. பையனுடைய தாத்தாவுக்குக் கட்டுரையின் ஜெராக்ஸை வாசித்துக் காட்டினேன். பெரியவர் நன்றாகத்தான் கேட்டார். வாத்தியாரை ஞாபகம் இருக்கிறதா என்றதற்கு, வாத்தியார்கள் நிறையப் பேர் வந்தார்கள், போனார்கள் என்றார். கொத்துக்காடு பற்றிக் கேட்டேன்.

“அதெல்லாம் எங்க அப்பன் காலம். இப்ப எல்லாம் மரவள்ளிதான். டிராக்டர் வருது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “பட்டாவுல புன்செய்னுதான் போட்டிருக்கான்” என்றார். உள்ளே போய்ப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த காகிதத்தை எடுத்து வந்து காட்டினார். அப்படித்தான் போட்டிருந்தது. புது லை, புது னை எல்லாம் சரியாக. எனக்குச் சாமைச் சோறு போட்டார்கள்.

திரும்பி வந்து மிச்ச வரிகளைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். ‘புன்செய்’ வரும் ஒவ்வொரு வரியிலும் கை நின்றது. பையனைக் கேட்டேன்: “நான் இங்க கொத்துக்காடுன்னு அடிச்சா என்ன ஆகும்?”

“படத்துல என்ன இருக்கோ அதைத்தான் அடிக்கணும் சார். மாத்தி அடிச்சா மெஷின் கெட்டுப்போகும். புன்செய்யப் பார்த்தா கொத்துக்காடுன்னு படிக்கும், எல்லாப் புஸ்தகத்துலயும்.”

அது சரி. படத்தில் இருப்பதையே அடித்தேன். புன்செய் என்று 23 இடத்தில். பிறகு தனியாக ஒரு தாளை எடுத்து, எந்தெந்த இடத்தில் நான் திருத்தினேன் என்று ஞாபகத்திலிருந்து குறித்துப் பார்த்தேன். ஒன்பது இடம் நிச்சயமாகத் தெரிகிறது; பென்சில் எழுத்தே கண்ணுக்கு வருகிறது. மற்ற பதினாலில் அவனே புன்செய் என்று எழுதியிருக்கவும் கூடும்.